கூரை நீர் விழும் இடம்

மாணவர்களே, நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில் மொட்டைமாடியில் பெய்யும் மழைநீர் குழாய் வழியே கீழே இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பழைய ஓட்டு வீடுகளில் அத்தகைய குழாய் இல்லை. கூரையின் விளிம்பில் நீரை ஏந்தும் தகர வாய்க்காலும் இல்லை. ஆயினும் அவற்றின் மண்சுவர்கள் பல்லாண்டு மழையைத் தாங்கி நிற்கின்றன. அஃது எவ்வாறு?

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள இடத்தை ஒரு கூரை மூடியிருப்பதாகக் கொள்வோம். 20 மில்லிமீட்டர் மழைக்கு அதன்மீது விழும் நீர் 1000 லிட்டர். கூரை இருபுறமும் சரிந்திருந்தால் பக்கத்திற்கு 500 லிட்டர். இது சுவரின் மேல் வழிந்தால் சுவர் கரையும். சுவரை ஒட்டி விழுந்தால் அடித்தளம் அரிக்கப்படும்.

எனவே, நீர் எங்கே விழவேண்டும் என்பதை முன்பே முடிவுசெய்து, கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டினர். அந்த நீட்சி இறவாரம் எனப்படும். இறை என்னும் பழஞ்சொல்லுக்குக் கடவுள், அரசன், வரி என்னும் பொருள்களோடு கூரையின் தாழ்ந்த விளிம்பு என்னும் பொருளும் உண்டு.

விழுந்த நீர் சும்மா இராது, சேற்றுடன் தெறிக்கும். அதனால் வீட்டை மேடைமேல் எழுப்பி, முன்புறம் திண்ணை வைத்தனர். திண்ணையை வழிப்போக்கர் இளைப்பாறும் இடமாகவே பாடங்களில் படித்திருப்பீர்கள். அது சுவரின் அடியைக் காக்கும் அரணுமாகும். நீர் ஒரே கோட்டில் விழுவதால் தரையில் நீண்ட பள்ளம் உண்டாகும். அக்கோட்டில் கல்லோ சல்லியோ பரப்பி, தரையை வீட்டிலிருந்து விலகிச் சரியுமாறு அமைக்கவேண்டும். இச்சரிவைக் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பர். முகவாட்டம் வேறு, இவ்வாட்டம் வேறு! மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் நீர் தேங்காது.

ஆனால், இம்முறைக்கு வீட்டைச் சுற்றி வெற்றிடம் வேண்டும். தெருவில் பக்கச்சுவர்கள் ஒட்டி நிற்கும் வீடுகளில் நீரைப் பக்கவாட்டில் தள்ளினால் அது அடுத்த வீட்டின்மேல் விழும், சண்டைதான் மிஞ்சும். ஆகவே அங்கே கூரையின் ஒரு பகுதியை உள்நோக்கிச் சரித்து, நடுவில் திறந்த முற்றம் விட்டனர். நாற்புறக் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரியும்போது, இரண்டிரண்டு கூரைகள் சேரும் மூலைகளுக்குக் கூடல்வாய் என்று பெயர். இருபுற நீரும் அங்கே கூடுவதால் ஓட்டு வீடு பெரும்பாலும் அவ்விடத்தில்தான் முதலில் ஒழுகும். மழை நாளில் கூடல்வாயின் கீழ் அண்டாவை வைத்து நீர் பிடிப்பதும் உண்டு.

முற்றத்தின் தரை சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்திருக்கும். அதன் மூலையில் உள்ள தூம்பு நீரை வீட்டிற்கு அடியில் கொண்டுசென்று வெளியேற்றும். அத்தூம்பு அடைபட்டால், முற்றம் நிறைந்து அறைகளுக்குள் வெள்ளம் புகுந்துவிடும். அதனால், ஐப்பசி அடைமழை தொடங்குமுன் வீட்டார் முதலில் குனிந்து பார்ப்பது அந்தத் தூம்பையே.