ஒரே ரூட்டரில் பலர் ஆன்லைன் கேம்ஸ் விளையாட...

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். சாரல் தொடங்கிவிட்டால், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை பகுதிகளில் வார இறுதி நாட்களில் பல வீடுகளில் உறவினர் கூட்டம்தான். காலையில் அருவிக் குளியல் முடிந்தால், மாலையில் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கேம்ஸ். ஒருவர் பிளேஸ்டேஷனில், ஒருவர் கம்ப்யூட்டரில், இருவர் மொபைல் போனில் விளையாடுவார்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011ல் அலுவலகம் தொடங்கியது. சாப்ட்வேர் வேலை பார்ப்பவர்கள் இன்று இந்தப் பகுதியிலும் உண்டு. அப்படி ஒருவர் வீட்டிலிருந்தே பணியாற்றினால், அவருடைய வீடியோ மீட்டிங்கும் இதே ரூட்டர் வழியாகத்தான் செல்லும். விளையாட்டு திணறினால் பிள்ளைகளுக்கு வருத்தம். மீட்டிங் துண்டிக்கப்பட்டால் பெரியவருக்கு வேலைச் சிக்கல்.

"இன்னும் வேகமான பிளானுக்கு மாறலாமா?" என என்னிடம் பலர் கேட்கிறார்கள். பணம் செலவழிக்கும் முன், கீழே உள்ள நான்கு செட்டிங்குகளைச் சரி பாருங்கள் என்பதே என் பதில்.

வேகம் வேறு, தாமதம் வேறு

பல விளையாட்டுகளுக்கு விநாடிக்கு 1 மெகாபிட் கூடத் தேவையில்லை. முக்கியமானது பிங் நேரம், அதாவது தகவல் சர்வருக்குச் சென்று திரும்பும் நேரம். பைபர் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். தென்காசியிலிருந்து சென்னை சுமார் 600 கி.மீ. அங்கிருந்து சிங்கப்பூர் செல்லும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போய்வர 7,600 கி.மீ. என்றால், குறைந்தது 38 மில்லி செகண்ட் ஆகும். எந்த பிளான் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. எனவே, கேமில் சர்வரைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் இந்திய சர்வரையே தேர்ந்தெடுக்கவும்.

1. கேபிள் இணைப்பும் சேனலும்

கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் போன்ற ஒரே இடத்தில் இருக்கும் சாதனங்களை கேட் 5ஈ கேபிள் மூலம் ரூட்டருடன் இணைத்திடவும். போன்களை 5 கிகாஹெர்ட்ஸ் வை-பியில் இணைக்கலாம். ஆனால் கனமான சுவர்களை இது எளிதில் தாண்டாது. அந்த அறைகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். இதில் 1, 6, 11 ஆகிய சேனல்களே ஒன்றோடு ஒன்று மோதாதவை. குற்றாலத்தில் லாட்ஜ்களுக்கு அருகே வீடு இருந்தால், சீசனில் சுற்றிலும் வை-பி சிக்னல்கள் நிறைந்திருக்கும். நெரிசல் குறைந்த சேனலை நாமே தேர்ந்தெடுப்பது நல்லது.

2. போர்ட்களைத் திறத்தல்

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். மொபைல் கேம்களில் பெரும்பாலானவை தாமாகவே மைய சர்வருடன் இணைந்துவிடும். அவற்றிற்கு எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். கன்சோல்கள் ஒன்றோடு ஒன்று நேரடியாகப் பேசும் கேம்களுக்கும், வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வராக வைத்து வெளியூர் நண்பர்களை அழைக்கும்போதும்தான் இது தேவை. எடுத்துக்காட்டாக, எக்ஸ்பாக்ஸ் 3074 என்ற போர்ட்டையும், மைன்கிராப்ட் ஜாவா பதிப்பு 25565 என்ற போர்ட்டையும் பயன்படுத்துகின்றன.

ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு சாதனத்திற்கு மட்டுமே திருப்பிவிட முடியும். வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால், இரண்டுக்கும் 3074ஐ ஒதுக்க முடியாது. இங்கே யு.பி.என்.பி. வசதியை ஆன் செய்திடவும். ஒவ்வொரு சாதனமும் தனக்கு வேண்டிய போர்ட்டை ரூட்டரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். நாமே போர்ட் பார்வர்டிங் அமைப்பதாக இருந்தால், முதலில் டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் பகுதியில் அந்தச் சாதனத்திற்கு 192.168.1.50 என்பது போல் நிலையான முகவரி ஒன்றைக் கொடுத்துவிடவும். இல்லையெனில் முகவரி மாறும்போது, திறந்த வழி வேறு சாதனத்திற்குப் போய்விடும்.

3. சி.ஜி.நாட் உள்ளதா?

எல்லாம் செய்தும் நண்பர்களால் இணைய முடியவில்லையா? ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். இந்த எண்கள் இதற்கென்றே 2012ல் ஒதுக்கப்பட்டவை. இந்நிலையில் நம் ரூட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொது ஐ.பி. கேட்டுப் பெற வேண்டும்.

4. வரிசையை ஒழுங்கு செய்தல்

மெயினருவியில் தண்ணீர் எவ்வளவு கொட்டினாலும், வரிசையில் நமக்கு முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ் கூட்டமே நின்றால் காத்திருக்கத்தானே வேண்டும்? ரூட்டரிலும் அப்படித்தான். ஒருவர் அருவி வீடியோவை அப்லோட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மெகாபிட் அப்லோட் லைனில் 500 கிலோபைட் தகவல் முன்னால் நின்றால், பின்னால் வரும் கேம் தகவல் 400 மில்லி செகண்ட் காத்திருக்கும்.

இதனைச் சோதிக்க, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் என ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு 8.8.8.8 என்ற எண்ணையும், மீண்டும் இடைவெளி விட்டு கழித்தல் குறியுடன் டி எழுத்தையும் தந்து என்டர் தட்டவும். அப்போது போனிலிருந்து பெரிய பைல் ஒன்றை அப்லோட் செய்து பாருங்கள். எண்கள் பல மடங்கு உயர்ந்தால் குறை இந்த வரிசையில்தான். நிறுத்த கண்ட்ரோல் + சி. ரூட்டரில் க்யூ.ஓ.எஸ். பிரிவைத் திறந்து, அப்லோட் அளவை நீங்கள் அளந்த வேகத்தில் 90 சதவீதமாக அமைத்து, விளையாட்டிற்கும் வீடியோ அழைப்பிற்கும் முன்னுரிமை தரவும். எஸ்.க்யூ.எம். வசதி இருந்தால் இன்னும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

டி.எம்.இசட். வசதியில் கம்ப்யூட்டரை ஒருபோதும் வைக்க வேண்டாம். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தது போலாகும். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, பர்ம்வேரை அப்டேட் செய்திடவும். சீசன் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பியதும், அவர்களுக்காகத் திறந்த போர்ட்களை நீக்கிவிடவும். தேவையில்லை எனில் யு.பி.என்.பி. வசதியையும் ஆப் செய்திடவும். இத்தனைக்குப் பின்னரும் அனைவருக்கும் வேகம் போதவில்லை என்றால் மட்டும் பெரிய பிளானுக்கு மாறுங்கள்.