கோப்பை இல்லாத ஆசான்

"ஒரு கோப்பைகூட வாங்கித் தராத கோச்சுக்கு ஏன் இத்தனை மரியாதை?" கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் கேட்டாலும் மூணாறு டவுனில் கேட்டாலும் இது நியாயமான கேள்விதான். ஒரு டீ குடிக்கிற நேரம் போதும், வரிசையாகச் சொல்லிவிடலாம்.

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் ரசிகர்கள் 'ஆசான்' என்று கூப்பிட்ட இவான் வுகோமனோவிச் ஒரு செர்பியர். 1977-இல், அன்றைய யுகோஸ்லாவியாவின் உஷிட்சே நகரில் பிறந்தவர். கோச் ஆவதற்கு முன்னால் பல வருடங்கள் சம்பளத்துக்குப் பந்து விளையாடியவர். பிரான்ஸில் போர்தோ, ஜெர்மனியில் கோல்ன், சொந்த நாட்டில் ரெட் ஸ்டார் பெல்கிரேட், ரஷ்யாவில் டைனமோ மாஸ்கோ, பெல்ஜியத்தில் லியர்ஸ், ஆண்ட்வெர்ப் என்று ஊர் ஊராகப் போனார். உலகம் கொண்டாடிய நட்சத்திரம் இல்லை. தடுப்பாட்டத்திலும் அதற்குச் சற்று முன்னால் நடுக்களத்திலும் நின்றவர்.

அந்த இடத்தில் நிற்பவனுக்குக் கோல் அடித்த பெயர் கிடைக்காது. வயலில் மடை பார்ப்பவர் வேலை அது: எந்தப் பக்கம் அடைக்க வேண்டும், எந்தப் பக்கம் திறந்துவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிரணி எங்கிருந்து வரும், நம் ஆட்களுக்கு நடுவில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று முழு மைதானத்தையும் படிக்கப் பழகியவர்கள் பின்னாளில் கோச்சிங் பக்கம் வருவதில் ஆச்சரியம் இல்லை. இவானும் அப்படி வந்தார். பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜில் முதலில் உதவிப் பயிற்சியாளர், பிறகு தலைமைப் பயிற்சியாளர். அடுத்து ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா அணியோடு 2017-இல் அந்த நாட்டுக் கோப்பையை வென்றார்.

2021 ஜூனில் அவர் பிளாஸ்டர்ஸுக்கு வந்தபோது அணி எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்தால்தான் மரியாதைக்குக் காரணம் புரியும். ஐ.எஸ்.எல். போட்டியின் 2014, 2016 இரண்டு ஃபைனலிலும் கொல்கத்தாவிடம் தோல்வி. அதற்குப் பிறகு சரிவு. 2020-21 சீசனில் 11 அணிகளில் 10-ஆவது இடம். ஒவ்வொரு சீசனும் ஒரு புது கோச், ஒரு புதுத் திட்டம் என்று ஓடிக்கொண்டிருந்த அணி அது.

கொரோனா காரணமாக 2021-22 சீசன் முழுவதும் கோவாவிலேயே நடந்தது. முதல் மேட்சில் ஏடிகே மோகன் பகானிடம் 4-2 தோல்வி. 'மறுபடியும் பழைய கதை' என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் அடுத்த 10 மேட்சுகள் தோல்வியே இல்லை. டிசம்பரில் மும்பை சிட்டியை 3-0 என்று வீழ்த்தி, அடுத்த மேட்சிலேயே நம் சென்னையின் அணியையும் அதே 3-0 கணக்கில் வீழ்த்தினார்கள். ஜனவரியில் பட்டியலில் முதலிடம்.

இது எப்படி நடந்தது? பந்து எதிரணியிடம் போன நொடியில் முன்வரிசை ஆட்களே ஓடிப்போய் மறிக்க வேண்டும், அணி முழுவதும் ஒருவருக்கொருவர் நெருங்கி நிற்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். உருகுவேயிலிருந்து வந்த அட்ரியன் லூனா கோல் அடிப்பதோடு பின்னால் ஓடிவந்து பந்தைப் பறிப்பதையும் தன் வேலையாகச் செய்தார். மணிப்பூர்ப் பையன் ஹோர்மிபாம் தடுப்பு வரிசையில் இடம் பிடித்து இந்திய அணி வரை போனார். கண்ணூர் வேர்கொண்ட சஹல் அப்துல் சமத் கோல் போடத் தொடங்கினார். பெரிய பெயர்களை வாங்கிக் குவிக்காமல், இருப்பவர்களுக்கு அவரவர் வேலையைத் தெளிவாகச் சொன்னதன் பலன் அது.

2022 மார்ச் 20, கோவாவின் ஃபட்டோர்டாவில் ஹைதராபாத்தோடு ஃபைனல். 68-ஆவது நிமிடம் திருச்சூர்க்காரர் ராகுல் கோல் போட்டார். 88-இல் ஹைதராபாத் சமன் செய்தது. பெனால்டியில் அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்துவிட, மூன்றாவது ஃபைனலும் கைநழுவியது.

அடுத்த சீசனில் பெங்களூரு அணியோடு மோதல். 2023 மார்ச் 3, நாக் அவுட் மேட்ச், கூடுதல் நேரம். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெங்களூருவின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்துவிட்டார், ரெஃப்ரி கோல் கொடுத்தார். இவான் அணியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். விதி என்ன? ஃபவுல் வாங்கிய அணி விரும்பினால் உடனே உதைக்கலாம். ஆனால் 'விசில் வரும்வரை பொறு' என்று ரெஃப்ரி சைகை காட்டிவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். அன்று அப்படிக் காத்திருக்க வேண்டிய நிலை இருந்ததா என்பதுதான் சண்டை. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், இவானுக்கு 5 லட்சம் அபராதம், 10 மேட்ச் தடை.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: கோபத்துக்குக் காரணம் இருந்தது, வெளியேறியது தவறு. மேட்ச் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஆடி முடித்துவிட்டுப் புகார் கொடுத்திருக்கலாம். அவரும் பிறகு மன்னிப்புக் கேட்டார். ரசிகர்கள் மட்டும் அவரைக் கைவிடவில்லை. தங்கள் கோபத்தை அவர் தலையில் சுமந்துகொண்டார் என்றே பார்த்தார்கள்.

2024 ஏப்ரலில் அவர் விடைபெற்றபோது கோப்பை இல்லை. ஆனால் மூன்று சீசனும் தொடர்ந்து பிளேஆஃப். அதற்கு முன் எந்தக் கோச்சும் அந்த அணிக்கு அதைத் தந்ததில்லை. ஒரே ஆள் மூன்று வருடம் பொறுமையாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி அது.

இதை மலைப்பக்கத்துக்கு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மூணாறு எஸ்டேட்டுகளுக்கு இடையே ஃபின்லே ஷீல்டு போட்டி 1941-இல் தொடங்கியது. லயங்களில் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதில் ஆடியிருக்கிறார்கள். கால்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. இல்லாதது, ஒரு பையனைப் பத்து வயதிலிருந்து விடாமல் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஆள். போட்டிக்குப் பரிசுத்தொகை கூட்டுவதைவிட, ஒரு மைதானத்துக்கு ஒரு பயிற்சியாளரை வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைப்பது மேல்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யலாம். அடுத்த மேட்சைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது, பந்து வைத்திருப்பவனை விட்டுவிட்டு மற்றப் பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள், ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். கோச்சின் வேலை எல்லாம் அந்தப் பத்துப் பேரிடம்தான் தெரியும்.