மண்டை ஓட்டை மாற்றினால் பழி போகுமா?

சித்திரக்கதை நாயகன் என்றால் உத்தமனாக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். திருடனைப் பிடிப்பான். போலீசில் ஒப்படைப்பான். யார் உயிரையும் எடுக்க மாட்டான்.

இந்த வழக்கத்துக்கு மாறான நாயகர்களும் உண்டு. சிவகாசியில் இருந்து வந்த காமிக்ஸ் புத்தகங்களைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1972-ல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, அதன் மூலமான ஆங்கிலத் தொடரின் தொடக்கத்தில் குற்றவாளிதான். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்சில் வந்த ஸ்பைடர், குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்றே புறப்பட்டவன். இருவரும் பிறகு திருந்தினார்கள். வாசகர்களும் மன்னித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒருவன் திருந்தவே இல்லை. அவன் பெயர் பனிஷர். தண்டிப்பவன் என்று பொருள். பலமுறை நிறுத்தப்பட்டு, பலமுறை மீண்டும் தொடங்கப்பட்ட அவனுடைய தொடர், 2022 மார்ச் மாதம் மறுபடியும் முதல் இதழில் இருந்து தொடங்கியது. அந்த முதல் இதழ் எப்படி?

குடும்பத்தை இழந்தவன்

பனிஷர் முதன்முதலில் தோன்றியது, மார்வெல் நிறுவனத்தின் "அமேசிங் ஸ்பைடர்மேன்" 129-வது இதழில். 1974 பிப்ரவரி தேதியிட்ட இதழ் அது. கதை எழுதியவர் ஜெர்ரி கான்வே. படம் வரைந்தவர் ராஸ் ஆண்ட்ரு.

அவனுடைய இயற்பெயர் பிராங்க் கேசில். வியட்நாம் போரில் பணியாற்றிய வீரன். நியூயார்க் நகரப் பூங்காவுக்கு மனைவி மரியாவுடனும் இரண்டு குழந்தைகளுடனும் சென்றபோது, ரவுடிக் கும்பலின் துப்பாக்கிக்கு மூவரும் பலியானார்கள். அன்று முதல் அவன் துப்பாக்கி ஓயவில்லை. கைது கிடையாது, விசாரணை கிடையாது. குற்றவாளி என்று அவன் முடிவு செய்தால் மரணம்தான். மார்பில் வெள்ளை மண்டை ஓட்டுச் சின்னம்.

குடும்பத்தைப் பறிகொடுத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக வாசகர்கள் அவனைப் பொறுத்துக்கொண்டார்கள். தொடரின் உயிர்நாடியே அந்த இரக்கம்தான்.

காகிதத்தை விட்டு வெளியே வந்த சின்னம்

வம்பு வேறு இடத்தில் முளைத்தது. மண்டை ஓட்டுச் சின்னம் நிஜ உலகத்துக்கு வந்துவிட்டது. ஈராக் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் அதைத் தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். 2017-ல் கென்டக்கி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் போலீஸ் கார்களிலேயே அதை ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு அகற்றினார்கள். 2021 ஜனவரி 6-ந்தேதி அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் அந்தச் சின்னம் காணப்பட்டது.

பனிஷரைப் படைத்த கான்வேயே இதைக் கண்டித்தார். சட்டம் தோற்றுப்போனதன் அடையாளம்தான் பனிஷர். சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் அவன் சின்னத்தை அணிவது தகாது என்பது அவருடைய வாதம்.

கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி

இந்த நிலையில்தான் 2022 இதழ் வந்தது. கதாசிரியர் ஜேசன் ஆரன். நிகழ்காலக் காட்சிகளை ஹெசூஸ் சாயிசும், கடந்தகாலக் காட்சிகளை பால் அசசெட்டாவும் வரைந்திருக்கிறார்கள். நிகழ்காலப் பக்கங்கள் மெருகேற்றிய சிலை போல இருக்கின்றன. பழைய நினைவுகள் கரடுமுரடான கோடுகளில் வருகின்றன. எது இன்று, எது அன்று என்று வாசகன் தடுமாற வேண்டியதில்லை.

பழைய மண்டை ஓடு போய்விட்டது. கொம்பு முளைத்த புதிய சின்னம் வந்திருக்கிறது. கையில் துப்பாக்கியோடு வாளும் ஏறியிருக்கிறது. "ஹேண்ட்" என்னும் நிஞ்ஜா கொலைகாரர் கூட்டத்துக்கு பனிஷர் தலைவன் ஆகிறான். ஊரறிந்த கொலைக் கும்பலுக்குத் தலைமை தாங்க ஏன் சம்மதித்தான்? கடைசிப் பக்கத்தில் விடை கிடைக்கிறது. இறந்துபோன மனைவி மரியாவை அந்தக் கூட்டம் உயிரோடு எழுப்பிக் கொடுத்திருக்கிறது.

இந்த இதழின் பெரிய பலம் இதுதான். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக அவன் செய்த அத்தனை கொலைகளுக்கும் ஒரே சமாதானம், அவன் குடும்பம் மாண்டுபோனது என்பது. இப்போது மனைவி கண்முன்னே நிற்கிறாள். இனி யாருக்காக அவன் கொல்கிறான்? துக்கத்தினால் கொன்றானா, கொல்வதற்குத் துக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டானா? ஒரே ஒரு படத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்.

தப்பித்த இடம்

குறை இல்லாமல் இல்லை. போலீஸ் கார் மீது ஒட்டிய சின்னம் தெருவில் எழுந்த பிரச்சினை. கதையோ தெருவை விட்டுவிட்டு, மந்திரத்துக்கும் நிஞ்ஜாக் கோட்டைக்கும் போய்விட்டது. சின்னத்தை மாற்றினார்களே தவிர, அதை ஏன் மாற்ற நேர்ந்தது என்பதை நேருக்கு நேர் பேசவில்லை. வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றிக்கொண்டது போல இருக்கிறது.

2000-ம் ஆண்டில் கார்த் எனிஸ் எழுதி, ஸ்டீவ் டில்லன் வரைந்த முதல் இதழோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அதற்கு முன் 1998-ல் பனிஷரை தேவலோகத்தின் ஏவலாளாக மாற்றிப் பார்த்தார்கள். வாசகர்கள் ஏற்கவில்லை. எனிஸ் அவனை நியூயார்க் தெருவுக்கே திரும்ப அழைத்து வந்தார். பழைய கட்டிடத்தில் ஒரு வாடகை அறை, அக்கம்பக்கத்தில் பயந்த சுபாவமுள்ள ஏழைகள், எதிரே ஒரு மாபியா குடும்பம். பழைய கதை எதுவும் தெரியாதவன்கூட அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிடலாம். 2022 இதழுக்கு முன்கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த 2000 இதழில் பனிஷரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சிரிக்க வைத்தே கொலைகளை நடத்திவிட்டார்கள். அந்தத் துணிச்சல் 2022 இதழுக்குத்தான் இருக்கிறது.

தீர்ப்பு

சிறுவர்கள் கையில் கொடுக்கத்தக்க புத்தகம் அல்ல. ரத்தம் அதிகம். பெரியவர்கள் கட்டாயம் படிக்கலாம். புதிய சின்னம் வெறும் சட்டை மாற்றம்தான். கடைசிப் பக்கத்தில் நிற்கும் மரியாதான் உண்மையான மாற்றம். பன்னிரண்டு இதழ்களில் முடிந்த அந்தத் தொடரில், பின்னர் அவளே கணவனை விட்டு விலகுகிறாள்.

ஊர் மன்னித்தது, பெண்டாட்டி மன்னிக்கவில்லை.