கிடேரிகள் இளமையிலேயே பருவமடைதலும் வம்ச குணமும்

இறைச்சிக்காக மாடு வளர்ப்போருக்குப் பசுவினால் கிடைக்கும் வருமானம் அது ஈனும் கன்றேயாகும். அம்மாடுகள் பாலுக்காகக் கறக்கப்படுவதுமில்லை, ஏரில் பூட்டப்படுவதுமில்லை. ஆகவே, கிடேரி தலையீற்றுக் கன்றை ஈனும் வரையில் அது தின்னும் புல்லும் அதற்கு ஒதுக்கும் நிலமும் செலவுக் கணக்கிலேயே சேரும். இக்காலத்தில் ஒரு வருஷம் குறையுமாயின் அதனால் விளையும் லாபம் சிறிதன்று. அவ்வாறு குறைப்பது தீவனத்தினால் மட்டும் ஆவதா, வம்சத்தினாலும் ஆவதா என்பதைப் பிரேசில் தேசத்து நெல்லூர் மாடுகளைக் கொண்டு தெளிவாக அறியலாம்.

பிரேசிலில் நெல்லூர் ஜாதி

அத்தேசத்தில் ‘நெலோர்’ என வழங்கும் மாடுகள் ஆந்திர தேசத்து ஓங்கோல் மாடுகளின் வழிவந்தவை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கப்பலேறிச் சென்ற இவை, வெயிலையும் உண்ணியையும் தாங்கி, முற்றிய புல்லைத் தின்றும் பிழைக்கும் வல்லமையால் அங்கே பல்கிப் பெருகின. இன்று 20 கோடிக்கு மேற்பட்ட பிரேசில் மாடுகளில் இந்த ஜாதியும் இதன் கலப்புமே பெரும்பகுதியாகும். ஆயினும் ஐரோப்பிய மாடுகளைவிடப் பிந்திப் பருவமடைவது இதன் குறையாகக் கூறப்பட்டு வந்தது.

வழக்கம் மறைத்த குணம்

அங்குள்ள பண்ணைகளில் கிடேரிகளை இரண்டு வயதான பின்னரே காளையுடன் விடுவது நெடுநாளைய வழக்கம். சினைக்காலம் சுமார் 9½ மாதமாதலால் முதல் ஈற்று மூன்றாவது வயதை ஒட்டியே நிகழும். இம்முறையில் 14 மாதத்தில் பருவமடைந்த கிடேரியும் 24 மாதத்தில் பருவமடைந்த கிடேரியும் ஒரே சமயத்தில் ஈனும். முந்தியது எது, பிந்தியது எது என்று பண்ணை ஏட்டைப் பார்த்து அறிய வழியில்லை. இத்தகைய மந்தைகளின் கணக்கில், முதல் ஈற்று வயதில் பாரம்பரியத்தின் பங்கு சொற்பமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வயதை நிர்ணயித்தது கிடேரியன்று, பண்ணைக்காரரே.

சோதனையில் கண்டது

பின்னர்ச் சில பண்ணைகளில் கிடேரிகளைச் சுமார் 14 மாத வயதிலேயே காளைக்கு விட்டுச் சினை பார்த்தனர். பெரும்பாலானவை சினைப்படவில்லை. சினைப்பட்டவற்றின் தொகை தந்தைக் காளைக்குத் தக்கவாறு மிகவும் வேறுபட்டது. சாவோ பவுலோ சர்வகலாசாலை நிபுணர்கள் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இவ்வேறுபாட்டில் 100-க்கு 57 பங்கு பாரம்பரியத்தைச் சார்ந்தது. சினைப்பிடிப்பைப் பற்றிய பிற குணங்கள் பலவற்றில் இப்பங்கு 10-க்கும் குறைவு. இந்திய மாடுகளினின்று அமெரிக்காவில் உண்டான பிராமன் ஜாதியிலும் இதுபோன்ற முடிவே கிடைத்தது. வட ஆஸ்திரேலியாவில் சில வாரங்களுக்கு ஒருமுறை கருவியினால் அண்டாசயத்தைச் சோதித்ததில், பிராமன் கிடேரிகள் சராசரி 750 நாள் வயதில் பருவமடைந்தன. அவ்வயதிலும் பாரம்பரியத்தின் பங்கு 57 என 2009-ல் வெளியிடப்பட்டது.

உடலில் நிகழ்வது

இளங்கன்றின் அண்டாசயத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவாயினும், பருவமடைதலைத் தூண்டும் மூளைப் பகுதியை அடக்கி வைக்கிறது. உடல் வளர்ந்து கொழுப்புச் சேரச் சேர அவ்வடக்கம் தளர்கிறது. பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யத் தொடங்க, முட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. தளரும் காலத்தை முன்பின்னாக்குவது ஒரு ஜீன் அன்று, பல ஜீன்கள். அவற்றுள் சில உடல் வளர்ச்சியையும் பாதிப்பவை. 14-ம் குரோமோசோமில் ‘பிளாக்-1’ என்னும் ஜீன் உள்ள பகுதியில், உடலைப் பெருக்கும் வடிவம் பருவத்தைத் தாமதப்படுத்துவதைப் பிராமன் மாடுகளில் கண்டுள்ளனர். ஆதலின் பருத்த உடலை மட்டும் பார்த்துக் காளையைத் தெரிந்தெடுப்பது கேடு விளைக்கக்கூடும்.

பொலிகாளையைத் தெரிந்தெடுத்தல்

காளைக்கன்றின் விதைப்பைச் சுற்றளவை அளந்து, அதிலிருந்து அதன் பெண்கன்றுகளின் பருவத்தை ஊகிப்பது ஒரு முறை. இது உதவுமாயினும், நெல்லூர் ஜாதியில் இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு நெருக்கமானதன்று. பெண்கன்றுகள் இளமையில் சினைப்பட்ட கணக்கே நம்பத்தக்க சான்று. இக்கணக்குடன் ஜீன் குறிகளையும் சேர்த்துப் பார்த்தால், காளை இளமையாயிருக்கும்போதே அதன் தரத்தை ஓரளவு மதிப்பிடலாம்.

கவனிக்க வேண்டியவை

வம்சம் நன்றாயினும் தீவனமின்றிப் பயனில்லை. முழு வளர்ச்சி எடையில் ஏறக்குறைய 100-க்கு 60 பங்கை எட்டாத கிடேரி பருவமடைவது அரிது. இரண்டு வயதில் ஈன்ற பசு, தானும் வளர்ந்து கன்றுக்கும் ஊட்ட வேண்டியிருத்தலால், மறுசினை பிடிப்பதில் பின்தங்கும். அதற்குத் தனி மேய்ச்சல் அளித்தல் அவசியம். மறுசினையும் தவறாது பிடித்த பசுக்களின் கன்றுகளையே இனவிருத்திக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கிடேரிகளுக்கு இளமையில் வாய்ப்பளித்து, பிறந்த தேதியும் சினைப்பட்ட தேதியும் தவறாமல் எழுதி வைக்கும் பண்ணையிலேதான் இவ்வம்ச குணம் வெளிப்படும்; ஏடு இல்லாத பண்ணையில் நல்ல வம்சம் இருந்தும் இல்லாததேயாகும்.