யாரைப் பார்த்து எழுதினே?
(வீடெல்லாம் கதை – 6)

மதுரை எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணகியின் முன்னால் வரத் தயங்கி, அவள் பின்னால் வந்து நிற்கிறாள் மதுராபதித் தெய்வம். பாண்டியர் கொடியவர் அல்லர் என்று எப்படியாவது அவளுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்காக அந்தத் தெய்வம் எடுத்துச் சொல்லும் கதைகளில் ஒன்று, நம் திருத்தங்கல் சிறுவன் ஒருவனின் கதை.

சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில் வருகிறது இது. சேரனிடம் பரிசு பெற்று ஊர் திரும்புகிறான் பராசரன் என்ற சோழநாட்டு அந்தணன். வழியில் தங்கால் என்னும் ஊரில், அதாவது நம் திருத்தங்கலில், அரசமரத்தடியில் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுகிறான். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சுற்றி வந்து நிற்கிறார்கள். என்னோடு சேர்ந்து ஓதுங்கள், ஓதிவிட்டு இந்த மூட்டையைக் கொண்டுபோங்கள் என்கிறான் அவன். வார்த்திகன் என்பவனின் மகன் முன்னே வருகிறான். பால் மணம் மாறாத வாய், இன்னும் திருந்தாத நாக்கு. ஆனாலும் பிசகாமல் ஓதிவிடுகிறான். பராசரன் மகிழ்ந்துபோய் முத்துப் பூணூலும் கடகமும் தோடும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் என்னைத் தூங்கவிடாதது. பிள்ளை நகை அணிந்திருப்பதைப் பொறுக்க முடியாத அரசு ஊழியர்கள், இது புதையலாகத்தான் இருக்க வேண்டும் என்று தகப்பனைச் சிறையில் அடைத்துவிடுகிறார்கள். தாய் கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். மதுரையில் ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்து, தவற்றை உணர்ந்து, வார்த்திகன் முன் நிலத்தில் விழுந்து வணங்கி, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுக்கிறான்.

ஒரு குழந்தை தன் வாயால் சம்பாதித்ததை ஊர் நம்பவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மழை வந்தால் ஊரே சந்தோஷப்படும், எங்கள் தெருவில் மட்டும் அம்மாவுக்குச் சம்பளம் குறையும் என்று எழுதினேன். பட்டாசு காய வெயில் வேண்டும், வெயில் இல்லாத நாளில் அம்மாவுக்கு வேலை இல்லை. எனக்குத் தெரிந்த மழை அதுதான். "யாரைப் பார்த்துடா எழுதினே?" என்று கேட்டார் ஆசிரியர். அதோடு நோட்ஸில் இருந்த மழையை எழுதப் பழகிக்கொண்டேன். பல வருடம் அப்படியே போயிற்று.

இந்தக் கேள்வியை வீட்டில் நாமும் கேட்கிறோம். பிள்ளை நன்றாக ஒரு வரி எழுதிவிட்டால் முதலில் வருவது சந்தேகம், அடுத்தது எழுத்துப் பிழை. பராசரன் பரீட்சை வைக்கவில்லை, 'என்னோடு' என்றான். அந்தச் சொல்தான் வீட்டுக்கு வேண்டியது.

அப்படிச் சேர்ந்து உட்கார, தங்காலே ஒரு பாட்டும் தந்திருக்கிறது. பொற்கொல்லன் என்றதும் கண்ணகியின் கணவன் கோவலன்மேல் பொய்ப்பழி சுமத்தியவன்தான் நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் புறநானூற்றின் 326ஆம் பாட்டைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். வேலியோரம் காட்டுப்பூனை வருகிறது. இளம் பெட்டைக்கோழி நடுங்கிக் கத்துகிறது. பஞ்சிலுள்ள தூசியையும் செத்தையையும் தட்டிப்போட எழுந்த பருத்திப் பெண்ணின் சின்ன விளக்கு வெளிச்சத்தில், சிவந்த கொண்டைச் சேவலைக் கண்டபிறகே அது அமைதியாகிறது. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே இரவைக் கழித்த நம் பாட்டிமார்களுக்கு அந்தப் பருத்திப் பெண்ணைத் தெரிந்திருக்கும். அருஞ்சொற்பொருள் எதுவும் வேண்டாம். கதையாகச் சொல்லிவிட்டு, "கோழி அப்ப என்ன நெனச்சிருக்கும்?" என்று கேட்டால் போதும்.

எழுத எதில் கொடுப்பது? முழு நோட்டைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிடும். நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது, தினசரி காலண்டர் இல்லாத வீடு இங்கே அரிது. காலையில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது அன்றைக்குப் பிள்ளையின் பக்கம். உள்ளங்கை அகலம்தான், ஒரு வரி எழுதினாலே நிறைந்துவிடும். எழுதியதைத் திருத்தாதீர்கள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வையுங்கள். வாரம் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து, எடுத்து, சத்தமாகப் படியுங்கள். எழுத முடியாத சின்னவர்கள் சொல்ல, பெரியவர்கள் எழுதலாம். அப்போது பிள்ளை சொன்ன சொல்லையே எழுதுங்கள். 'வந்துச்சு' என்றால் 'வந்துச்சு'தான்.

பட்டாசு ஆபீஸிலிருந்து அலுத்து வரும் ஓர் அம்மாவிடம் இதையும் சொல்வது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. தினமும் முடியாதுதான், முடிந்த நாளில் செய்யட்டும்.

போன மாதம் திருத்தங்கலில் அக்கா வீட்டில் இருந்தேன். மூன்றாவது படிக்கிற அவள் மகளுக்குக் கோழிக் கதையைச் சொன்னேன். "மாமா, பூனை திரும்ப வருமா?" என்று மட்டும் கேட்டாள். காலையில் கிழித்த தாளை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். வெகுநேரம் கழித்துக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

'வெளக்கு அணஞ்சாலும் பயமில்ல. சேவல் கொண்டையே வெளக்குதான்.'

அக்கா இரண்டு முறை படித்தாள். "யாரைப் பார்த்து..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிள்ளையை இழுத்து மடியில் உட்கார வைத்தாள்.

"அப்புறம் அந்தப் பூனை என்ன செஞ்சிச்சு?"

(தொடரும்)