அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அரங்கங்களில் ஆட்ட நாள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல்கலைக்கழக அணிகள் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடைபெறும் நாள் 'கேம் டே', அதாவது ஆட்ட நாள் எனப்படுகிறது. களத்தில் நடக்கும் ஆட்டம் அந்நாளின் ஒரு பகுதி மட்டுமே. காலையில் தொடங்கும் திறந்தவெளி விருந்து, அணிவகுப்பு இசைக்குழு, மாணவர் ஆரவாரம், தலைமுறைகளாகத் தொடரும் சடங்குகள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஆட்ட நாள் ஆகும். ஆட்டவிதிகள் நாடு முழுவதும் ஒன்றாக இருந்தாலும், ஆட்ட நாள் அரங்கத்துக்கு அரங்கம் வேறுபடுகிறது. அவ்வேறுபாடுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் ஆட்டமும்

நாம் கால்பந்து என்று அழைக்கும் விளையாட்டு அமெரிக்காவில் 'சாக்கர்' எனப்படுகிறது. அங்கே 'புட்பால்' என்றால், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் வேறு ஆட்டம். ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கும். கடிகாரம் அடிக்கடி நிறுத்தப்படுவதால் 60 நிமிட ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். இந்த இடைவெளிகளே இசைக்கும் சடங்குகளுக்கும் இடம் தருகின்றன.

கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ செர்சி மாநிலத்தின் நியூ பிரன்சுவிக் நகரில், ரட்கர்சு, பிரின்சுடன் அணிகளுக்கிடையே நடைபெற்றதாகக் கொள்ளப்படுகிறது. ஆகத்து இறுதி முதல் திசம்பர் தொடக்கம் வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில் ஆட்டங்கள் நடைபெறுகின்றன. ஓர் அணிக்குச் சொந்த அரங்கில் ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு ஆட்டங்களே கிடைக்கும். ஆண்டில் சில நாட்களே வருவதால் ஒவ்வோர் ஆட்ட நாளும் ஊர்த் திருவிழா போல அமைந்துவிடுகிறது. ஆன் ஆர்பர், காலேச் சுடேசன் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் அரங்கத்தில் கூடும் கூட்டம் ஊரின் மக்கள்தொகையை நெருங்குகிறது அல்லது அதனுடன் ஒப்பிடத்தக்க அளவில் உள்ளது.

சில அரங்கங்கள்

| அரங்கம் | நகரம் | திறப்பு | இருக்கைகள் (சுமார்) | அடையாளம் |
|---|---|---|---|---|
| மிச்சிகன் அரங்கம் | ஆன் ஆர்பர் | 1927 | 1,07,600 | அளவில் பெரியது |
| ஒகையோ அரங்கம் | கொலம்பசு | 1922 | 1,02,800 | இசைக்குழு |
| கைல் களம் | காலேச் சுடேசன் | 1927 | 1,02,700 | பன்னிரண்டாம் வீரர் |
| டைகர் அரங்கம் | பேட்டன் ரூச் | 1924 | 1,02,300 | இரவு ஆட்டம் |
| நேலண்ட் அரங்கம் | நாக்சுவில் | 1921 | 1,01,900 | ஆற்றுப் படகுகள் |
| கேம்ப் ராண்டல் | மேடிசன் | 1917 | 76,000 | குதிப்பாட்டம் |
| கின்னிக் அரங்கம் | அயோவா சிட்டி | 1929 | 69,000 | குழந்தைகளுக்குக் கையசைப்பு |

அளவும் ஓசையும்

மிச்சிகன் அரங்கம் 'பெரிய வீடு' என்று செல்லமாக அழைக்கப்படுகிறது. 2013 செப்டம்பர் 7 அன்று நோட்ரே டாம் அணிக்கு எதிரான ஆட்டத்தை இங்கே 1,15,109 பேர் கண்டனர். 1975 நவம்பர் முதல் இரசிகர்கள் அனுமதிக்கப்பட்ட ஒவ்வோர் ஆட்டத்திலும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடியிருக்கின்றனர்.

ஆயினும் பெரிய அரங்கமே மிகுந்த ஓசையுடைய அரங்கம் ஆகிவிடாது. மிச்சிகன் அரங்கத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே, அகன்ற கிண்ணம் போல் தோண்டிக் கட்டப்பட்டது. சரிவு குறைவாக இருப்பதால் ஆரவாரம் மேலெழுந்து வானில் கலைந்துவிடும். 2010இல் இரு பக்கங்களிலும் உயரமான கட்டடங்கள் எழுப்பப்பட்ட பின்னர் ஓசை முன்பைவிட உள்ளேயே தங்கியது. இதற்கு மாறாக, ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்சன் அரங்கத்தில் சுமார் 54,000 இருக்கைகளே உள்ளன. ஆனால் இருக்கை வரிசைகள் களத்தை நெருங்கி அமைந்திருப்பதால் எதிரணியினர் அஞ்சும் அரங்கங்களுள் அதுவும் ஒன்றாக உள்ளது.

ஓசைக்கு ஆட்டத்தில் நேரடிப் பயன் உண்டு. பந்தை முன்னெடுக்கும் அணி தன் திட்டத்தைப் பெரும்பாலும் குரல் மூலம் பகிர்ந்துகொள்கிறது. எதிரணியிடம் பந்து இருக்கும்போது சொந்த இரசிகர்கள் கூச்சலிட்டால் அக்கட்டளைகள் வீரர்களுக்குக் கேட்காது. அதனால் தவறுகள் நேர்ந்து தண்டனை கிடைக்கும். சொந்த அணியிடம் பந்து வந்ததும் அதே கூட்டம் அமைதியாகிவிடும். புதிதாக வருபவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இதுவே.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டைகர் அரங்கம் ஓசைக்குப் பெயர்பெற்றது. 1931 முதல் இங்கே இரவு ஆட்டங்கள் நடைபெறுகின்றன. 1988 அக்டோபர் 8 அன்று ஆபர்ன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில், நான்காவதும் கடைசியுமான முயற்சியில் லூசியானா அணி புள்ளிகளைப் பெற்று 7-6 என்று வென்றது. அப்போது கூட்டம் துள்ளிய அதிர்வு பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கப் பதிவுக் கருவியில் பதிவானது. அதனால் அது 'நிலநடுக்க ஆட்டம்' என்று பெயர் பெற்றது.

அரங்குக்கு வெளியே: விருந்து

ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, உறவினரும் நண்பரும் கூடி உண்பது 'டெயில்கேட்டிங்' எனப்படும். நுழைவுச்சீட்டு வாங்காமல் இதற்காக மட்டும் வருவோரும் உண்டு.

உணவு வட்டாரத்துக்கு ஏற்ப மாறுகிறது. லூசியானாவில் கம்போ என்னும் குழம்பு, சம்பலாயா என்னும் கலவைச் சோறு, வேகவைத்த நன்னீர் இறால் ஆகியவை இடம்பெறும். விஸ்கான்சினில் செருமானிய வழிவந்த பிராட்வர்சுட் என்னும் இறைச்சி உருளைகள் சுடப்படும். டென்னசியில் நேலண்ட் அரங்கம் ஆற்றங்கரையில் அமைந்திருப்பதால் இரசிகர்கள் படகுகளில் வந்து கரையோரம் கட்டிவைத்து விருந்துண்பர். 1962இல் தொடங்கிய இவ்வழக்கத்துக்கு 'வால் நேவி' என்று பெயர்.

மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் வாகன நிறுத்துமிடத்துக்குப் பதிலாக 'குரோவ்' என்னும் மரத்தோப்பில் விருந்து நடைபெறுகிறது. மரங்களுக்கு ஆபத்து நேராதவாறு தீ மூட்ட அங்கே தடை உள்ளது. கூடாரங்களுக்குள் வெள்ளைத் துணி விரித்த மேசைகளையும் தொங்கும் சரவிளக்குகளையும்கூடக் காணலாம். ஆண்கள் கழுத்துப்பட்டையும் பெண்கள் விழா உடையும் அணிந்து வருவது வழக்கம்.

இசை

தொழில்முறை ஆட்டத்துக்கும் கல்லூரி ஆட்டத்துக்கும் உள்ள தெளிவான வேறுபாடு மாணவர் இசைக்குழு ஆகும். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு 1936 முதல் களத்தில் நடந்தவாறே ஆங்கிலக் கையெழுத்து வடிவில் 'ஒகையோ' என்று எழுதிக் காட்டுகிறது. பெரிய சூசபோன் ஊதுகருவியை ஏந்திய மூத்த மாணவர் ஒருவர் 'ஐ' எழுத்தின் மேற்புள்ளியாகச் சென்று நின்று தலைவணங்குவார். வீரர் பெறும் புள்ளிக்குக் கிடைக்கும் அளவு ஆரவாரம் இந்தப் புள்ளிக்கும் கிடைக்கும்.

கறுப்பின மக்களுக்குக் கல்விக்கதவுகள் மூடப்பட்டிருந்த காலத்தில் அவர்களுக்காகத் தோன்றிய கல்லூரிகளில் இசையின் இடம் இன்னும் பெரியது. கிராம்பிளிங், சதர்ன் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் மோதும் 'பேயூ கிளாசிக்' 1974 முதல் நியூ ஓர்லியன்சு நகரில் நடந்துவருகிறது. பிற அரங்கங்களில் இடைவேளையில் மக்கள் தின்பண்டம் வாங்க எழுந்து செல்வர். இங்கே இடைவேளைக்காகவே இருக்கையில் அமர்ந்திருப்பர். இரு இசைக்குழுக்களும் போட்டியிடும் தனி நிகழ்ச்சியும் உண்டு. இருக்கை எண்ணிக்கையை மட்டும் கொண்டு அரங்கங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் இத்தகைய ஆட்டங்கள் விடுபட்டுப்போகின்றன.

சடங்குகளும் அவற்றின் பொருளும்

*நிற்பது.* டெக்சாசு ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆட்டம் முழுவதும் உட்காருவதில்லை. 1922 சனவரி 2 அன்று டாலசில் நடந்த ஆட்டத்தில் அவ்வணி வீரர்கள் பலர் காயமடைந்தனர். கூடைப்பந்துக்காக அணியை விட்டிருந்த கிங் கில் என்னும் மாணவரைப் பயிற்சியாளர் பார்வையாளர் பகுதியிலிருந்து அழைத்தார். கில் சீருடை அணிந்து களத்தோரம் ஆயத்தமாக நின்றார். அவர் இறங்கி ஆட நேரவில்லை. 11 பேருக்கு அடுத்த 'பன்னிரண்டாம் வீரர்' தாங்களே என்பதைக் காட்ட மாணவர்கள் இன்றும் நிற்கின்றனர்.

*குதிப்பது.* விஸ்கான்சினின் கேம்ப் ராண்டல் அரங்கில் 1998 முதல் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையே 'சம்ப் அரவுண்ட்' என்னும் பாடல் ஒலிக்க, மாணவர் பகுதி முழுவதும் குதிக்கும். அரங்கம் அமைந்துள்ள இடம் உள்நாட்டுப் போரின்போது படைவீரர் பயிற்சி முகாமாக இருந்தது.

*கையசைப்பது.* அயோவாவின் கின்னிக் அரங்கத்தை அடுத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று உள்ளது. அதன் மேல்தளச் சன்னல்களிலிருந்து களம் தெரியும். 2017 முதல் ஒவ்வோர் ஆட்டத்திலும் முதற்பகுதி முடிந்ததும் அரங்கில் உள்ள அனைவரும் திரும்பி, சன்னலருகே நிற்கும் நோயுற்ற குழந்தைகளை நோக்கிக் கையசைக்கின்றனர். எதிரணி வீரர்களும் நடுவர்களும் இதில் சேர்ந்துகொள்கின்றனர். ஓர் இரசிகர் முகநூலில் கூறிய யோசனையிலிருந்து பிறந்த இவ்வழக்கத்துக்கு வயது மிகக் குறைவு. ஆயினும் நூறாண்டுச் சடங்குகளுக்கு நிகராக இது இன்று பேசப்படுகிறது. பழமை இல்லாமலும் ஒரு சடங்கு பொருள் பெறும் என்பதற்கு இது சான்று.

*பாடுவது.* தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் 1890 முதல் மோதி வருகின்றன. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் சேர்ந்து நின்று முதலில் தோற்றவர்களின் கல்லூரிப் பாடலையும் பிறகு வென்றவர்களின் பாடலையும் கேட்டு மரியாதை செய்கின்றனர்.

மாறிய மரபுகள்

மரபு என்பதாலேயே ஒரு வழக்கம் நல்லதாகிவிடாது என்பதையும் இவ்வரங்கங்களின் வரலாறு காட்டுகிறது.

மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் 1962இல் சேம்சு மெரிடித் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தபோது மூண்ட கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் பல்லாண்டுகள், அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி அங்கே பார்வையாளர் கைகளில் பறந்தது. 1997இல் அரங்கத்துக்குள் குச்சிகள் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டதால் கொடிகள் மறைந்தன. அக்காலத்தை நினைவூட்டும் 'டிக்சி' என்னும் பாட்டை இசைப்பதை இசைக்குழு 2016இல் நிறுத்தியது. குரோவ் விருந்தின் அழகைக் கூறுவோர் இதையும் சேர்த்துக் கூறுவதே முழுமையாகும்.

டெக்சாசு ஏ அண்ட் எம் மாணவர்கள் பரம எதிரியான டெக்சாசு பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்கு முன்பு மரக்கட்டைகளை மலைபோல் அடுக்கித் தீ மூட்டுவர். 1999 நவம்பர் 18 அதிகாலையில் கட்டுமானத்தின்போது அந்த அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தனர். வளாகத்தில் அவ்வழக்கம் அத்துடன் முடிவுற்றது. அவ்விடத்தில் 2004இல் நினைவகம் திறக்கப்பட்டது.

லூசியானாவில் உயிருள்ள புலியொன்று அணியின் அடையாளமாக அரங்கத்துக்கு எதிரே வளர்க்கப்படுகிறது. முன்பு அதைக் கூண்டு வண்டியில் அரங்குக்குள் கொண்டுவருவர். 2017இல் வந்த 'ஏழாம் மைக்' என்னும் புலி அவ்வாறு கொண்டுவரப்படுவதில்லை. 2024 நவம்பரில் வெளியிலிருந்து வேறொரு புலி கொண்டுவரப்பட்டபோது விலங்கு ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

பாதுகாப்பு

1993 அக்டோபர் 30 அன்று கேம்ப் ராண்டல் அரங்கில் மிச்சிகனை வென்ற மகிழ்ச்சியில் மாணவர்கள் களத்தை நோக்கிப் பாய்ந்தனர். முன்வரிசையினர் வேலிக்கும் கூட்டத்துக்கும் இடையே நசுங்கி, எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். உயிரிழப்பு நேரவில்லை. வீரர்களும் இறங்கி மாணவர்களை மீட்டனர். வெற்றிக்குப் பின் களத்தில் இறங்குவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. தென்கிழக்குக் கூட்டமைப்பு போன்றவை அதற்காகப் பல்கலைக்கழகங்களுக்கு அபராதம் விதிக்கின்றன. உள்ளே இருப்பது தெரியும் தெளிவான பைகளை மட்டுமே பெரும்பாலான அரங்கங்கள் அனுமதிக்கின்றன.

பணமும் வீரர்களும்

இலட்சம் பேர் சீட்டு வாங்கி வரும் அரங்கில் ஆடுவோர் மாணவர்கள். நெடுங்காலம் அவர்களுக்குக் கல்வி உதவித்தொகைக்கு மேல் ஊதியம் பெற அனுமதி இருக்கவில்லை. பயிற்சியாளர்களோ பல மில்லியன் டாலர் பெற்றுவந்தனர். 2021 சூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம். 2025இல் ஏற்கப்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் தம் வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகவும் வழங்கலாம். இது நியாயமான மாற்றம் என்று ஒரு சாராரும், கல்லூரி ஆட்டத்தின் தனித்தன்மையை அழித்துவிடும் என்று மறு சாராரும் கருதுகின்றனர்.

ஒப்பிடும் முறை

எந்த அரங்கம் சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கூட்டத்தின் பெருமையைக் காண விரும்புவோர் ஆன் ஆர்பருக்கும், இரவு ஆரவாரத்தை நாடுவோர் பேட்டன் ரூச் நகருக்கும், இசையை விரும்புவோர் கொலம்பசு அல்லது நியூ ஓர்லியன்சுக்கும் செல்லலாம். ஆனால் ஓர் ஆட்ட நாளை மதிப்பிட மூன்று கேள்விகள் உதவும். பார்வையாளர் அங்கே வெறுமனே பார்க்கிறாரா, தாமும் ஏதேனும் செய்கிறாரா? அந்தச் செயலுக்கு அவ்வூரின் வரலாற்றிலோ வாழ்க்கையிலோ வேர் உண்டா? அந்த மகிழ்ச்சியில் யாரேனும் விலக்கப்படுகிறார்களா, துன்புறுகிறார்களா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு ஏறத்தாழ எல்லாப் புகழ்பெற்ற அரங்கங்களும் நல்ல விடை தருகின்றன. மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை மாணவர்களும் மீண்டும் விடை காண வேண்டியுள்ளது. குச்சிகளுக்குத் தடை வந்ததும், கட்டைத் தீ நின்றதும், குழந்தைகளை நோக்கிக் கைகள் உயர்ந்ததும் அவ்வாறு கண்ட விடைகளே.