கோட்டையும் புறக்கோட்டையும்: கொழும்புப் பழைய நகரின் சின்னங்கள் குறித்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் பழைய வணிகப் பகுதிக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தமிழர் அதனைப் புறக்கோட்டை என்பர். சிங்களத்தில் அது பிட்டகொட்டுவ, பொருள் அதுவே. ஆங்கிலேயர் வழங்கிய ‘பெட்டா’ என்னும் பெயரோ பேட்டை என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபாகும். கோட்டையை அடுத்து அமைந்த வணிகக் குடியிருப்பைப் பேட்டை என்பது தென்னிந்திய வழக்கு. முதலிரு பெயர்களும் அவ்விடத்துக்கும் அதிகார மையத்துக்கும் இடையிலான உறவைச் சுட்ட, மூன்றாவது அதன் தொழிலைச் சுட்டுகிறது. கோட்டைக்கு வெளியே இருப்பது, ஆயினும் கோட்டை வாழ்வதற்கு இன்றியமையாதது: புறக்கோட்டையின் வரலாற்றை இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

நகரச் சின்னங்கள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களின் வயதையும் கட்டியோரின் பெயரையும் கூறி அமைவர். அவை வேண்டற்பாலனவே. எனினும், எந்தச் செல்வத்தால் அவை எழுந்தன, அச்செல்வம் எவர் உழைப்பிலிருந்து வந்தது, எவருடைய நினைவு சின்னம் பெறாமற் போயிற்று ஆகிய வினாக்களை எழுப்பாதவிடத்து நகர வரலாறு வெறும் உல்லாசப் பயணக் கையேடாகிவிடும். அவ்வினாக்களைப் புறக்கோட்டையின் சில சின்னங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மதிலும் மதிலின் மறைவும்

போர்த்துக்கேயர் 1518 இல் கொழும்பிற் கோட்டை கட்டினர். 1656 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் நகரை இரண்டாகப் பிரித்தனர்: மேற்கே அரண் சூழ்ந்த கோட்டை, கிழக்கே ‘பழைய நகர்’. இப்பழைய நகரே இன்றைய புறக்கோட்டை. நேரான தெருக்களும் அவற்றை வெட்டும் குறுக்குத் தெருக்களுமாக அவர்கள் வகுத்த அமைப்பு இன்றும் அழியவில்லை. முதலாம் குறுக்குத் தெரு முதல் ஐந்தாம் குறுக்குத் தெரு வரையிலான பெயர்கள் அதற்குச் சான்று.

பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் நூதனசாலை இக்காலத்து எச்சங்களுள் தலையாயது. 1692 முதல் 1697 வரை ஆளுநராயிருந்த தோமஸ் வான் றீயின் வாசத்தலமாகக் கருதப்படும் இவ்வில்லம், பின்னர் வைத்தியசாலையாகவும் தபாலகமாகவும் பயன்பட்டு, 1982 இல் நூதனசாலையாயிற்று. கிழக்கெல்லையிலே ‘கேமன்ஸ் கேற்’ எனப்படும் முதலை வாயிலின் மணிக்கூண்டு நிற்கிறது. அதற்கு மேலே குன்றின்மீது, 1749 இல் தொடங்கி 1757 இல் நிறைவுற்ற வுல்பெண்டால் தேவாலயம் உள்ளது. நரிகளை ஓநாய்களெனக் கருதிய ஒல்லாந்தர் அவ்விடத்துக்கு ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ எனப் பெயரிட்டனர் என்பர். அறியாத நாட்டுக்குத் தம் நாட்டுப் பெயரைச் சூட்டி உரிமை கொள்வது குடியேற்றவாதத்தின் பொது இயல்பு.

அன்றைய புறக்கோட்டை கடைவீதியன்று. பெரும்பாலும் பறங்கியர் குடியிருப்பே. கோட்டையினுள்ளும் புறக்கோட்டையினுள்ளும் தமிழரும் சோனகரும் வீடு நிலம் உடைமையாகக் கொள்வதை ஒல்லாந்தர் சட்டவிதி தடுத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1830களின் தொடக்கத்திலேயே அத்தடை நீங்கியது. இது தாராள மனப்பான்மையின் விளைவு மட்டுமன்று. அக்காலத்திலேதான் பெருந்தோட்டப் பொருளாதாரம் வேர்கொள்ளத் தொடங்கியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. தோட்டத்துக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வேண்டும். அவர்களுக்கு இறக்குமதி அரிசியும் துணியும் வேண்டும். அவற்றைக் கொணர வணிகர் வேண்டும். பறங்கியர் இல்லங்கள் படிப்படியாகக் கடைகளாகவும் பண்டகசாலைகளாகவும் மாறின.

1869 அளவில் கோட்டையின் மதில்கள் இடிக்கப்படலாயின. அவ்வாண்டிலேயே சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 இல் துறைமுக அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கல்மதில் மறைந்தது, ஆனால் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே மூலதனம் எழுப்பிய மதில் மறையவில்லை.

2. செட்டியார் தெருவும் கடன் சங்கிலியும்

அம்மதிலின் தன்மையைச் செட்டியார் தெருவிற் காணலாம். இன்று நகைக்கடைகளாலும் கதிரேசன் கோவில்களாலும் ஆடிவேல் விழாவினாலும் அறியப்படும் இத்தெரு, நூறாண்டுகளுக்கு முன் இலங்கையின் கடன் அமைப்பில் இன்றியமையாத ஒரு கண்ணியாயிருந்தது. கோட்டையிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் தோட்டத்துறைக்கும் ஏற்றுமதிக்குமே கடன் வழங்கின. உள்ளூர் வணிகன் அவ்வாயிலில் நுழைதல் அரிது. வங்கியிடம் கடன்பெற்ற நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தமது கிட்டங்கிகளிலிருந்து அதனைக் கூடிய வட்டிக்கு உள்ளூர் வணிகருக்கும் நிலவுடைமையாளருக்கும் கொடுத்தனர். வட்டியின் வசையெல்லாம் செட்டியாரைச் சார்ந்தது. அவருக்குப் பின்னால் நின்ற வங்கியோ கண்ணுக்குப் புலப்படவில்லை.

1925 இல் வங்கிகள் செட்டிமாருக்கு வழங்கிய கடனைச் சுருக்கின. சங்கிலியின் மேற்கண்ணி இறுகவே கீழ்க்கண்ணிகள் அறுந்தன. உள்ளூர்த் தொழில் முயற்சிக்குக் கடனில்லை என்ற முறைப்பாடு வலுப்பெற்றது. 1934 இல் வங்கி ஆணைக்குழு அறிக்கை வெளிவந்தது. 1939 இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தமும் 1948 இன் பின் வந்த பிரசாவுரிமைச் சட்டங்களும் செட்டிமாரின் ஆதிக்கத்தை முடித்துவைத்தன. கோவில்கள் எஞ்சின. அவற்றைச் சமயச் சின்னங்களாக மட்டுமன்றி, ஒரு கடன் முறையின் எச்சங்களாகவும் வாசித்தல் வேண்டும்.

3. பள்ளிவாசலும் மணிக்கூட்டுக் கோபுரமும்

இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்பும் வெள்ளையுமாக எழும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைத் தமிழ் மக்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பர். 1908 இல் தொடங்கி 1909 இல் நிறைவெய்திய இதனைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் கட்டுவித்தனர். இந்தோ-சரசனிக் பாணியும் செங்கல் வேலைப்பாடும் அதன் அழகுக்குக் காரணங்கள். ஆனால் அது கட்டப்பட்டு ஆறாண்டுகளுக்குள், 1915 இல், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கண்டியிலிருந்து கொழும்புக்குப் பரவியது. புறக்கோட்டைக் கடைகளும் தாக்கப்பட்டன. சமய ஊர்வலத் தகராறு உடனடிக் காரணம். போர்க்கால விலையேற்றமும் சில்லறை வணிகத்திற் கரையோர முஸ்லிம்களுடன் சிங்கள வணிகருக்கிருந்த போட்டியும் அதன் ஆழ்ந்த காரணங்களுள் அடங்கும். கலாநிதி குமாரி ஜயவர்த்தன போன்றோர் இப்பொருளியற் பின்னணியை வற்புறுத்தியுள்ளனர்.

பிரதான வீதி தொடங்குமிடத்தில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம் 1923 இல் எழுந்தது. கொழும்பில் எண்ணெய் ஆலை நடத்திய பம்பாய்ப் பார்சிக் குடும்பத்தார் தந்தையின் நினைவாக அதனை அமைத்தனர். அதே ஆண்டிலே கொழும்புத் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிற் பொது வேலைநிறுத்தம் செய்தனர். ஒருவருக்கு நினைவுச் சின்னமாயிருந்த கடிகாரம், துறைமுகத்துக்கும் பண்டகசாலைக்கும் விரைந்தோருக்கு நாட்கூலியின் அளவுகோலாயிற்று.

4. நாட்டாமை

புறக்கோட்டையிற் சுமை தூக்குவோரும் கைவண்டி இழுப்போரும் ‘நாட்டாமை’ எனப்படுகின்றனர். சிங்களத்திலும் அது ‘நாட்டாமி’ என வழங்குகிறது. தமிழகக் கிராமத்தில் நாட்டாண்மை என்பது ஊர்த்தலைமை. கொழும்பில் அதே சொல் மூட்டை சுமப்பவனைக் குறிக்கிறது. சுமையாளர் கூட்டத்தின் தலைவனுக்குரிய பெயர் காலப்போக்கிற் கூட்டத்தார் அனைவருக்கும் ஆகியிருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு. எவ்வாறாயினும், கிராமத்து அதிகாரச் சொல்லொன்று நகரச் சந்தையிலே கூலி உழைப்பின் பெயராகத் தாழ்ந்தமை, அச்சமூக மாற்றத்தைப் பல புள்ளிவிவரங்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

இவர்களுக்குச் சின்னம் உண்டா? 1873 இல் எழுந்த பழைய நகரமண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய மாநகரசபை 1928 இற் புதிய மண்டபத்துக்குச் செல்லும்வரை அங்கேயே கூடியது. வாக்குரிமை சொத்துத் தகுதியை அடிப்படையாகக் கொண்டது. நூதனசாலையாக்கப்பட்ட அம்மண்டபத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்த சபையினரின் உருவங்கள் வைக்கப்பட்டன. 1906 இற் கொழும்பின் மாட்டுவண்டிக்காரர் மாநகரசபை விதியொன்றை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து நகர வாழ்வையே நிறுத்தினர். அம்மேசையில் வண்டிக்காரன் எவனும் அமர்ந்ததில்லை. ஆதலால் உருவமாகவும் அவன் அங்கே இல்லை.

1929 இல் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானையிற் பொலிசார் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். ஆயினும் அப்போராட்டத்தை நடத்திய குணசிங்கவே 1930களில், வேலையின்மை பெருகிய காலத்தில், மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இனவாதத்தை வளர்த்தார். வர்க்க ஒற்றுமை தானாகவே நிலைப்பதன்று என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

5. சின்னமில்லாத நாட்கள்

1983 ஜூலை 25 ஆந் திகதி புறக்கோட்டையின் தமிழர் கடைகள் எரிந்தன. இதனை வணிகப் போட்டியின் விளைவென்று மட்டும் கூறுவது, நம்மவர் சிலரிடம் காணப்படும் பொறிமுறை மார்க்சியத்தின் குறைபாடாகும். 1977 இன் திறந்த பொருளாதாரம் இன உறவுகளை எவ்வாறு பாதித்தது என்பதை நியூட்டன் குணசிங்க ஆராய்ந்தார், அவ்வாய்வு இன்றியமையாதது. ஆனால் தாக்கியோர் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தமையும், பாதுகாப்புப் படையினர் பலவிடங்களிற் பார்த்து நின்றமையும் பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளன. அரசின் பங்கை விடுத்து அந்நாளை விளக்க முடியாது. எரிந்தது முதலாளியின் பண்டம் மட்டுமன்று. அங்கே கணக்கெழுதியவனின் ஊதியமும் மூட்டை சுமந்தவனின் அன்றைய கூலியும் உடனெரிந்தன.

1987 ஏப்ரல் 21 ஆந் திகதி புறக்கோட்டைப் பேருந்து நிலையத்திற் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேலை முடிந்து வீடு திரும்பப் பேருந்துக்குக் காத்திருந்த சாதாரண மக்கள் அவர்கள். முதலாவதைக் கண்டிப்போர் இரண்டாவதில் மௌனிப்பதும், இரண்டாவதைக் கண்டிப்போர் முதலாவதை மறப்பதும் நமது அறிவுலகின் நோயாகும். இரண்டிலும் மாண்டோருக்கு ஒரே அளவுகோலை வைக்க இயலாத முற்போக்கு, பெயரளவிலான முற்போக்கே.

2020 இல் மொத்த மரக்கறி வணிகம் மனிங் சந்தையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. நிலத்தின் விலை ஏற ஏற, மூட்டை சுமப்போர் நகர மையத்திலிருந்து அகற்றப்படுவதும், பழைய கட்டடங்கள் மட்டும் மெருகிட்டுப் பேணப்படுவதும் உலகின் பல தலைநகரங்களுக்குப் பொதுவான போக்காகும். கட்டடங்களைப் பேணுவதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. ஆளுநரின் இல்லமும் பேணப்படட்டும். செட்டியாரின் கோவிலும் சம்மாங்கோட்டுப் பள்ளியும் பேணப்படட்டும். அவற்றோடு, 1906 இன் வண்டிக்காரரும் 1983 இலும் 1987 இலும் மாண்டோரும் இந்நகரின் வரலாற்றில் எழுதப்படல் வேண்டும். நாட்டாமைகளின் வாய்மொழி நினைவுகள் அவர்களோடு மறைந்துபோகுமுன் அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் திரட்டுவது பல்கலைக்கழக மாணவர் உடனடியாகத் தொடங்கக்கூடிய பணியாகும்.